தாறுமாறான படிகத்திலிருந்து சொன்ன பேச்சு கேட்கும் ஒளி

இயற்பியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: “லேசர் ஒளியின் நிறத்தை மாற்றும் படிகத்தைத் துல்லியமாக வெட்டி, துல்லியமான கோணத்தில் வைக்க வேண்டும் என்றுதான் பாடத்தில் படித்தேன். ஆனால் உள்ளமைப்பே ஒழுங்கில்லாத சில படிகங்கள், எந்த அலைநீளத்தைக் கொடுத்தாலும் மாற்றித் தருகின்றன, வெளிவரும் ஒளியின் போலரைசேஷனையும் கட்டுப்படுத்த முடிகிறது என்கிறார்கள். ஒழுங்கில்லாத இடத்தில் எல்லாமே குழம்பிப்போக வேண்டாமா?”

நியாயமான சந்தேகம். எனக்கும் இதே சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. விடை ‘ஒழுங்கில்லாத’ என்ற சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. எதில் ஒழுங்கில்லை, எதில் ஒழுங்கு அப்படியே இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஸ்ட்ரான்ஷியம் பேரியம் நியோபேட் என்ற ஒரு படிகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். ஆய்வகத்தில் எஸ்பிஎன் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே. போலரைசேஷனைத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் தளவிளைவு என்கிறது, இலங்கையில் முனைவாக்கம் என்பார்கள். நான் தளவிளைவு என்றே எழுதுகிறேன். ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்பதுதான் அது.

முதலில் நிறம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிடலாம். ஒளி ஒரு பொருளுக்குள் போகும்போது அதன் மின்புலம் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. மின்புலம் சின்னதாக இருக்கும்வரை ஆட்டமும் அதே தாளத்தில்தான் நடக்கும். லேசர் மாதிரி பலமான ஒளி வந்தால், எலக்ட்ரானின் ஆட்டத்தில் இரட்டை அதிர்வெண்ணும் கொஞ்சம் கலந்துவிடும். அந்தக் கலப்பிலிருந்து புது ஒளி பிறக்கிறது, பாதி அலைநீளத்தில். 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு உள்ளே போனால் 532 நானோமீட்டர் பச்சை வெளியே வரும். கூட்டங்களில் சுவரில் புள்ளி காட்டும் பச்சை லேசர் பேனா பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. இதற்கு இரண்டாம் ஒத்திசை என்று பெயர்.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் அவருடைய குழுவும், 1961-இல். ரூபி லேசரின் 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி, 347 நானோமீட்டரில் புறஊதா ஒளியைப் புகைப்படத் தட்டில் பிடித்தார்கள். கிடைத்த புள்ளி எவ்வளவு மங்கல் என்றால், கட்டுரை அச்சுக்குப் போனபோது அதை அழுக்கு என்று நினைத்து யாரோ அழித்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கட்டுரையின் படத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது காட்டும் இடத்தில் ஒன்றும் இருக்காது.

அந்தப் புள்ளி ஏன் அவ்வளவு மங்கல்? லேசரின் பலம் போதாதது ஒரு பக்கம். பெரிய காரணம், படிகத்துக்குள் நடக்கும் ஓர் இழுபறி. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் வடத்தை இழுத்தால்தான் தேர் நகரும். படிகத்தின் முன்பகுதியில் பிறந்த பச்சை ஒளியும் பின்பகுதியில் பிறக்கும் பச்சை ஒளியும் அப்படி ஒரே கட்டத்தில், அதாவது மேடும் மேடும் பள்ளமும் பள்ளமும் ஒத்துப்போகும்படி, சேர வேண்டும். இதற்குக் கட்டப் பொருத்தம் என்று பெயர். ஆனால் பச்சைக்கு ஒளிவிலகல் எண் வேறு, அகச்சிவப்புக்கு வேறு. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. கொஞ்ச தூரம் போனதும் முன்னே பிறந்த பச்சையும் இப்போது பிறக்கும் பச்சையும் எதிரெதிர்க் கட்டத்துக்கு வந்து ஒன்றையொன்று அழிக்க ஆரம்பிக்கும்.

அந்த ‘கொஞ்ச தூரம்’ எவ்வளவு என்று ஒரு வரியில் கணக்குப் போடலாம். அலைநீளத்தை, ஒளிவிலகல் எண் வித்தியாசத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் போதும். அலைநீளம் 1 மைக்ரான், வித்தியாசம் 0.1 என்று வையுங்கள். விடை 2.5 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு சென்டிமீட்டர் படிகத்தில் இப்படி 4000 அடுக்குகள். ஓர் அடுக்கு சேர்ப்பதை அடுத்த அடுக்கு அழித்தால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்?

இதற்கு இரண்டு மருந்துகள், இரண்டுமே 1962-இல் வந்தவை. முதலாவது, இரட்டை ஒளிவிலகல் உள்ள (தளவிளைவுக்கு ஏற்ப ஒளிவிலகல் எண் மாறும்) படிகத்தைச் சரியான கோணத்தில் திருப்பி, இரண்டு நிறங்களுக்கும் ஒரே வேகம் வரும்படி செய்வது. பெல் ஆய்வகத்தில் ஜோர்ட்மெய்னும், ஃபோர்டு நிறுவன ஆய்வகத்தில் மேக்கர் குழுவும் தனித்தனியாக இதைக் காட்டினார்கள். நீங்கள் பாடத்தில் படித்த துல்லியமான கோணம் இதுதான். இரண்டாவது, புளூம்பெர்கன் குழுவின் யோசனை. (லேசர் நிறமாலையியலுக்காக 1981-இல் நோபல் வாங்கியவர்.) ஒவ்வொரு 2.5 மைக்ரானுக்கும் படிகத்தைத் தலைகீழாகத் திருப்பி அடுக்கு என்றார்கள். தலைகீழாக்கினால் புதிதாகப் பிறக்கும் ஒளியின் குறி மாறிவிடும், அழிக்க வேண்டியது சேர்க்க ஆரம்பிக்கும். கத்தியால் வெட்டி அடுக்குவது நடக்கிற காரியமா? முப்பது வருஷம் கழித்துத்தான் லித்தியம் நியோபேட் படிகத்தில் மின்புலம் கொடுத்து, வரிவரியாக டொமைன்களை (மின்முனைவு ஒரே பக்கம் பார்க்கும் குட்டிப் பகுதிகளை) திருப்பும் நுட்பம் கைக்கு வந்தது. 1064-இலிருந்து 532-க்கு மாற்ற அந்த வரிகளின் இடைவெளி சுமார் 7 மைக்ரான்.

இரண்டும் அருமையான வழிகள்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே குணம், ஒரு நிறத்துக்கு மட்டும்தான் சரிப்பட்டு வரும். வரிகள் போட்ட ஒரு சென்டிமீட்டர் லித்தியம் நியோபேட், 1064 நானோமீட்டர் அருகே ஒரு நானோமீட்டருக்கும் குறைவான அகலத்தைத்தான் நன்றாக மாற்றும். ஒரே நிறத்தில் நிலையாக எரியும் லேசருக்கு அது போதும். 100 ஃபெம்டோ நொடித் துடிப்பைக் கொண்டுவந்தால் கதை வேறு. (ஒரு ஃபெம்டோ நொடி, நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு.) அவ்வளவு குறுகிய துடிப்பில், 1000 நானோமீட்டரை மையமாகக் கொண்டு சுமார் 15 நானோமீட்டர் அகலத்துக்கு நிறங்கள் கலந்திருக்கும். படிகம் நடுவில் ஒரு சீவலை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். படிகத்தை மெலிதாக்கினால் அகலம் கூடும், வெளிச்சம் குறையும். வெப்பநிலை இரண்டு டிகிரி நகர்ந்தால் மறுபடியும் சரிசெய்ய உட்கார வேண்டும். இந்த அலுப்பு பட்டவர்களுக்குத்தான் எஸ்பிஎன்னின் அருமை தெரியும்.

சரி, எஸ்பிஎன்னுக்கு வருவோம். இது ஃபெரோ எலக்ட்ரிக் படிகம். ஒவ்வொரு பகுதியிலும் உள்ளார்ந்த ஒரு மின்முனைவு இருக்கும். உருகிய நிலையிலிருந்து படிகத்தை வளர்த்து, கியூரி வெப்பநிலைக்குக் கீழே ஆறவிடும்போது அந்த முனைவு பிறக்கிறது. ஸ்ட்ரான்ஷியம் 61 சதவீதம் உள்ள வழக்கமான கலவைக்கு அந்த வெப்பநிலை சுமார் 80 டிகிரி செல்சியஸ். அது மேலே பார்க்குமா கீழே பார்க்குமா என்பதை ஒவ்வோர் இடமும் தானாகவே முடிவுசெய்துகொள்கிறது. வெளியிலிருந்து யாரும் சொல்லவில்லை என்றால் பாதி மேலே, பாதி கீழே. விளைவு, ஊசி ஊசியாக நிற்கும் டொமைன்கள். படிகத்தின் முதன்மை அச்சான சி அச்சு வாக்கில் நீளமாக, குறுக்கே ஒன்றிரண்டு மைக்ரானாகவோ அதற்கும் குறைவாகவோ. பக்கத்துப் பக்கத்து ஊசிகள் எதிரெதிரே பார்க்கும். எந்த ஊசி எவ்வளவு தடிமன், எது எங்கே நிற்கிறது என்பதில் ஒரு கணக்கும் கிடையாது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தப் படிகத்தில் ஒழுங்கில்லாதது ஒன்றே ஒன்றுதான், கூட்டல் குறியும் கழித்தல் குறியும் மாறி மாறி வரும் இடங்கள். எல்லா ஊசிகளும் ஒரே சி அச்சில்தான் நிற்கின்றன. மேலே அல்லது கீழே, அவ்வளவுதான் சுதந்திரம். சாய்ந்து நிற்க அனுமதி இல்லை. அதுமட்டும் இல்லை, மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் ஒளிவிலகல் எண் ஒன்றே. அதனால் சாதாரண ஒளிக்கு இந்தப் படிகம் தெளிவான கண்ணாடிக் கட்டி மாதிரிதான் தெரியும், பெரிதாகச் சிதறாது. புதிதாகப் பிறக்கும் இரட்டை அதிர்வெண் ஒளிக்கு மட்டும்தான் உள்ளே இருக்கும் குளறுபடி தெரியும். உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான். நிறத்தின் விஷயத்தைக் குறிகளின் ஒழுங்கின்மை பார்த்துக்கொள்கிறது. தளவிளைவை அச்சின் ஒழுங்கு பார்த்துக்கொள்கிறது. ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிடுவதில்லை.

நிறத்தை முதலில் முடித்துவிடுவோம். அடுக்குகளின் தடிமன் தாறுமாறாக இருந்தால் என்ன ஆகும்? எந்த அலைநீளம் வந்தாலும் அதற்குச் சரிப்பட்டு வரும் சில ஊசிகள் எங்கேயாவது இருக்கும். அவை சேர்ப்பதை மற்றவை முழுக்க அழிக்க முடியாது. வடம் பிடிப்பவர்கள் ஆளாளுக்கு இழுத்தாலும் தேர் கொஞ்சமாவது நகர்கிற கணக்கு இது. ஒழுங்கான படிகத்தில் 4000 அடுக்குகளும் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் வீச்சு 4000 மடங்கு, செறிவு அதன் வர்க்கம், 1 கோடியே 60 லட்சம் மடங்கு. தாறுமாறான படிகத்தில் வீச்சு அங்குமிங்கும் தள்ளாடி வளரும். சராசரியில் செறிவு 4000 மடங்குதான் கிடைக்கும். நீளத்தின் வர்க்கத்தில் வளர வேண்டியது வெறும் நீளத்தோடு வளர்கிறது.

4000-க்கும் 1 கோடியே 60 லட்சத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் பெரிய நஷ்டம் மாதிரி தெரியும். உண்மையில் சொத்து எங்கேயும் போகவில்லை, பங்கு பிரித்ததில்தான் வித்தியாசம். பார்செவல் தேற்றம் படித்திருப்பீர்கள். ஒரு வடிவத்தின் ஃபூரியர் கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டினால், அந்த வடிவத்தின் வர்க்கத்தைக் கூட்டியதற்குச் சமம். படிகத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் நேரியலற்ற கெழு (நிறம் மாற்றும் திறனைச் சொல்லும் எண்) கூட்டலோ கழித்தலோதான், வர்க்கம் எடுத்தால் எங்கும் ஒன்றே. ஆகவே ஒழுங்கான வரிகளுக்கும் தாறுமாறான வரிகளுக்கும் மொத்தக் கூட்டுத்தொகை ஒன்றுதான். ஒழுங்கான படிகம் அத்தனையையும் ஓரிரு உச்சங்களில் கொட்டிவைக்கிறது. தாறுமாறான படிகம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பந்தி வைக்கிறது. ஒரே நிறம் மட்டும் போதும் என்பவருக்கு இது ஊதாரித்தனம். எந்த நிறம் வரும் என்று தெரியாதவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்ப்பது தனி அனுபவம். அரை சென்டிமீட்டர் கனசதுரக் கட்டி ஒன்று, ஆறு பக்கமும் மெருகேற்றியது. சி அச்சு செங்குத்தாக நிற்கும்படி மேடையில் வைத்து, பக்கவாட்டிலிருந்து ஃபெம்டோ நொடித் துடிப்புகளைச் செலுத்தினோம். அலைநீளம் 1050 நானோமீட்டர். அறை விளக்கை அணைத்ததும் கட்டிக்குள் ஊசியால் கீறியது மாதிரி ஒரு பச்சைக் கோடு. மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை, பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது. கட்டியைச் சுற்றி ஒரு வெள்ளைத் தாளை வளைத்துப் பிடித்தால் தாளில் கிடைமட்டமாக ஒரு பச்சைப் பட்டை. படிகத்தைத் தொடாமல் லேசரின் அலைநீளத்தை மட்டும் மெல்ல 1300 வரை கூட்டினோம். கோடு பச்சையிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நழுவிப் போனது. கோணம் திருப்பவில்லை, அடுப்பின் வெப்பநிலையை மாற்றவில்லை. பத்து வருஷம் கட்டப் பொருத்தத்துக்காகத் திருகாணி திருகியவனுக்கு அது கொஞ்சம் கோபத்தைக்கூட வரவழைத்தது.

ஒளி ஏன் கிடைமட்டத் தளத்தில் மட்டும் பரவுகிறது? ஊசிகள் செங்குத்தாக நிற்பதால் குறி மாறுவதெல்லாம் கிடைமட்டத்தில்தான். உள்ளே வரும் ஒளியின் உந்தமும் பிறக்கும் ஒளியின் உந்தமும் சமமாக வேண்டும். அந்தக் கணக்கில் விழும் பள்ளத்தை நிரப்ப டொமைன்கள் தரும் கூடுதல் திசையன்கள் அத்தனையும் அந்தத் தளத்தில்தான் கிடக்கின்றன. மேலே கீழே உந்தம் தர ஆளில்லை. இதில் ஓர் அழகான நுணுக்கம் உண்டு. முன்னோக்கிப் போகும் ஒளிக்குச் சில மைக்ரான் அளவு அமைப்பு போதும். சரியாக 90 டிகிரி பக்கவாட்டில் வர வேண்டுமானால் கணக்குப்படி சுமார் 0.15 மைக்ரான் இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு வேண்டும். எந்த ஊசியும் பொதுவாக அவ்வளவு மெலிதில்லை. ஆனால் டொமைன் சுவர் படிப்படியாக மாறாமல் சட்டென்று குறி மாறுகிறது. ஃபூரியர் கணக்கில் சட்டென்ற மாற்றம் என்றாலே நுண்ணிய கூறுகளும் ஒட்டிக்கொண்டு வரும். பக்கவாட்டு ஒளி மங்கலாக இருந்தாலும் இருக்கத்தான் செய்வது அந்தச் சுவர்களின் கூர்மையால்.

இந்தப் பரவலையும் கூம்பு வடிவ உமிழ்வையும் ஜெர்மனியில் ஆஸ்னாபுரூக் பல்கலைக்கழகத்தின் துன்யாகி, உலெக்ஸ், பெட்ஸ்லர் மூவரும் 2003-இல் எழுதினார்கள். பிறகு கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் குழுவினர், கிவ்ஷார், கிரோலிகோவ்ஸ்கி, நெஷெவ் முதலியோர், 2006-லிருந்து ஃபெம்டோ நொடித் துடிப்புகளுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள்.

இப்போது தளவிளைவு. எஸ்பிஎன்னின் படிகச் சமச்சீர்மை, மின்புலத்தின் எந்தக் கூறு எந்தக் கூறை உண்டாக்கலாம் என்பதைக் கறாராகக் கட்டிப்போடுகிறது. மிஞ்சுவது மூன்றே மூன்று எண்கள், டி33, டி31, டி15. உள்ளே வரும் ஒளியின் மின்புலம் சி அச்சு வாக்கில் இருந்தால் டி33 வழியாகச் சி அச்சு வாக்கிலேயே இரண்டாம் ஒத்திசை பிறக்கும். சி அச்சுக்குக் குறுக்கே இருந்தால் டி31 வழியாகப் பிறக்கும், அதுவும் சி அச்சு வாக்கில்தான்! இரண்டுக்கும் நடுவே சாய்ந்திருந்தால் டி15 வழியாகக் குறுக்கு வாக்கிலும் கொஞ்சம் சேரும்.

இதில் குறி எங்கே வருகிறது? ஊசி தலைகீழானால் மூன்று எண்களும் ஒன்றாகக் குறி மாறும். எந்தத் திசை எந்தத் திசையை உண்டாக்குகிறது என்பது மாறாது. ஆயிரக்கணக்கான ஊசிகளிலிருந்து ஆயிரக்கணக்கான கட்டங்களில் வரும் அலைகளைக் கூட்டினாலும், எல்லாம் ஒரே திசையில் அதிர்வதால் கூட்டுத்தொகையும் அந்தத் திசையில்தான் அதிரும். செறிவு கூடலாம் குறையலாம், புள்ளிபுள்ளியாகத் திட்டு விழலாம். தளவிளைவு மட்டும் அசையாது.

நேரில் பார்க்க வேண்டுமானால், தளவிளைவின் திசையைத் திருப்பும் அரை அலைத் தகடு ஒன்று போதும். லேசரின் பாதையில் வைத்துத் திருப்புங்கள். லேசரின் தளவிளைவு செங்குத்திலிருந்து கிடைமட்டத்துக்குப் போகப் போகப் பச்சைக் கோட்டின் பிரகாசம் மாறும், ஏனென்றால் டி33-உம் டி31-உம் சம அளவில்லை. இப்போது கண்ணுக்கும் படிகத்துக்கும் நடுவே ஒரு போலராய்டு தாளைப் பிடித்து, 90 டிகிரி பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தாளின் அச்சு செங்குத்தாக இருந்தால் கோடு தெரியும், கிடைமட்டமாக்கினால் போய்விடும். லேசரை எப்படித் திருப்பினாலும் இதே கதைதான். சாய்ந்த தளவிளைவில் டி15 உண்டாக்கும் குறுக்கு ஒளி எங்கே போச்சு என்று கேட்பீர்கள். அதை உண்டாக்கும் இருமுனை (ஆடும் மின்னூட்டம், குட்டி ஆன்டெனா மாதிரி) உங்களை நோக்கியே நீட்டிக்கொண்டு அதிர்கிறது. எந்த ஆன்டெனாவும் தன் நுனி வாக்கில் கதிர்வீசாது. முன்னோக்கிப் போகும் ஒளியில் அந்தக் குறுக்குக் கூறு ஜோராக இருக்கும். ஆக, பக்கவாட்டில் தூய சி அச்சுத் தளவிளைவு, முன்பக்கத்தில் அரை அலைத் தகட்டைத் திருப்பி உங்களுக்கு வேண்டிய கலவை. கட்டுப்பாடு என்பது இவ்வளவுதான், மாயம் ஒன்றும் இல்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு வடிவம். லேசரைச் சி அச்சு வாக்கிலேயே, ஊசிகளின் நீளவாக்கில் செலுத்துங்கள். மின்புலத்துக்குச் சி அச்சுக் கூறே இல்லை. ஆகவே டி33-க்கும் டி15-க்கும் வேலை இல்லை, டி31 மட்டும்தான் மிச்சம். அது உண்டாக்கும் இருமுனை ஒளி போகும் திசையிலேயே நீளவாக்கில் அதிர்கிறது. நேர் முன்னே கதிர்வீச முடியாது. அதனால் ஒளி குடைக்கம்பி விரிந்தது மாதிரி ஒரு கூம்பாகக் கிளம்பும். ஊசிகள் நீளவாக்கில் மாறாததால் அந்தத் திசை உந்தத்துக்கு உதவி கிடையாது. பச்சை ஒளியின் உந்தத்தில் நீளவாக்குப் பங்கு, உள்ளே வந்த இரண்டு ஃபோட்டான்களின் உந்தத்துக்குச் சரியாகச் சமமாக வேண்டும். அதாவது கூம்புக் கோணத்தின் கொசைன், இரண்டு ஒளிவிலகல் எண்களின் விகிதம். 2.25-ஐ 2.35-ஆல் வகுத்துப் பாருங்கள், படிகத்துக்குள் சுமார் 17 டிகிரி. வெளியே வரும்போது விலகி 43 டிகிரிக்கு விரிந்துவிடும். அலைநீளம் குறையக் குறைய எண்களின் வித்தியாசம் கூடும், வளையமும் பெரிதாகும். அகலமான நிறமாலை உள்ள துடிப்பைச் செலுத்தினால் உள்ளே சிவப்பு, வெளியே பச்சை, நீலம் என்று திரையில் வட்ட வட்டமாக விழும்.

அந்த வளையத்தின் தளவிளைவு ஆரவாக்கில் இருக்கும், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி. போலராய்டு தாள் வழியே பார்த்தால் இரண்டு எதிர்ப்பக்கங்கள் கறுத்து, தாளைத் திருப்பத் திருப்பக் கறுப்பும் சுற்றிவரும். ஆரவாக்குத் தளவிளைவை உண்டாக்க மற்ற இடங்களில் தனிச் சாதனம் வைப்பார்கள். இங்கே படிகமே இலவசமாகத் தருகிறது. அப்புறம் ஒரு சின்ன விளையாட்டு. டி31 உண்டாக்குவது மின்புலத்தின் இரண்டு குறுக்குக் கூறுகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை. நேர்த் தளவிளைவு எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் அது ஒன்றே. கால் அலைத் தகட்டை வைத்து ஒளியை வட்டத் தளவிளைவாக்கினால் (மின்புலம் சுழன்றுகொண்டே போகும்படி செய்தால்) இரண்டாம் கூறு 90 டிகிரி கட்டம் பின்தங்கும், அதன் வர்க்கம் கழித்தல் குறியோடு வரும். கூட்டினால் பூஜ்யம். வளையம் அணைய வேண்டும். தகட்டை 45 டிகிரி திருப்பினால் எரியும், இன்னொரு 45 திருப்பினால் அணையும். ஸ்விட்ச் மாதிரி.

எல்லா ஒழுங்கற்ற பொருளும் இப்படி நல்லபிள்ளையாக இருக்குமா என்றால், இல்லை. துத்தநாக செலினைடை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு லேசரில் வெட்டும் இயந்திரங்களில் லென்ஸாக இருப்பது அதுதான். ஆவியிலிருந்து படியவைத்துச் செய்வதால் உள்ளே பல மைக்ரான் அளவுள்ள குறுமணிகள், ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். அதிலும் தாறுமாறான கட்டப் பொருத்தம் நடக்கும் என்று 2004-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் காட்டினார்கள். 2017-இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் வோடோப்யானோவ் குழு அதே பொருளை வைத்து, 3 முதல் 7.5 மைக்ரான் வரை நடு அகச்சிவப்பில் பரவும் ஒளி அலைவியையே (லேசர் ஒளியிலிருந்து புது அலைநீளங்களை உண்டாக்கும் கருவியை) இயக்கிவிட்டார்கள். அகலத்தில் எஸ்பிஎன்னுக்குக் குறைந்ததில்லை. ஆனால் அங்கே அச்சே தாறுமாறு. ஒரு குறுமணி ஒரு பக்கம் அதிரவைக்கும், அடுத்தது வேறு பக்கம். தளவிளைவு ஓரளவு கலங்கித்தான் வரும். நீங்கள் கேட்ட ‘எல்லாமே குழம்பிப்போகும்’ நிலை இதுதான். நிறம், தளவிளைவு இரண்டும் வேண்டுமென்றால் சி அச்சு ஒன்றாக இருக்கும் எஸ்பிஎன் வகைதான் கதி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறன் மிகக் குறைவு. பச்சை லேசர் செய்யலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். வெளிவரும் கற்றையில் திட்டுத்திட்டாகப் புள்ளிகள் இருக்கும். சுமார் 400 நானோமீட்டருக்குக் கீழே எஸ்பிஎன் ஒளியை விழுங்கிவிடும், ஆகவே 800 நானோமீட்டர் டைட்டானியம் சபையர் லேசரின் இரண்டாம் ஒத்திசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். பச்சை ஒளி நீண்ட நேரம் விழுந்தால் படிகத்தின் ஒளிவிலகல் எண்ணே மாற ஆரம்பிக்கும், அது இந்தப் படிகத்துக்குப் பிறவிக்குணம்.

பிறகு எதற்குத்தான் உதவும்? துடிப்பின் நீளத்தை அளக்க. ஒரு துடிப்பை இரண்டாகப் பிரித்து, எதிரெதிர்த் திசையில் படிகத்துக்குள் மோதவிடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் பக்கவாட்டு ஒளி கூடும். கேமராவில் அந்த வெளிச்சத் திட்டின் அகலத்தைப் படித்தால் துடிப்பின் நீளம் தெரிந்துவிடும். 100 ஃபெம்டோ நொடித் துடிப்புக்கு அந்தத் திட்டு சில மைக்ரான்தான், ஒரு நல்ல நுண்ணோக்கி லென்ஸ் போதும். எந்த அலைநீளத்துக்கும் படிகத்தைத் திருப்ப வேண்டாம், ஒரே ஷாட்டில் வேலை முடியும். இங்கே மாற்றுத்திறன் குறைவு என்பது குறையே இல்லை, கேமராவுக்குக் கொஞ்சம் ஒளி போதும். கான்பெராக் குழு இதையும் செய்து காட்டியிருக்கிறது. இரண்டாம் ஒத்திசை அதே படிகத்தில் மூல ஒளியோடு மறுபடி கலந்து மூன்றாம் ஒத்திசை தருவதையும் பார்த்திருக்கிறார்கள். ஒழுங்கான படிகத்தில் இரண்டு படிகளுக்கும் தனித்தனியாகக் கட்டம் பொருத்தித் தொலைக்க வேண்டும். இங்கே இரண்டும் தானாக நடந்துவிடும்.

செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன். முதல் கட்டி வந்து சேர்ந்ததும் ஆசையாக மேடையில் வைத்தோம். பச்சைக் கோடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டு நாள் லேசரைத் திட்டினோம். கடைசியில் பார்த்தால், விற்றவர் நல்லெண்ணத்தில் படிகத்தைச் சூடாக்கி, மின்புலம் கொடுத்து, எல்லா டொமைன்களையும் ஒரே பக்கம் பார்க்க வைத்து அனுப்பியிருக்கிறார். மற்ற வேலைகளுக்கு அதுதான் உயர்ந்த தரம். எங்களுக்கோ ஊசியே இல்லாத வைக்கோல்போர். படிகத்தை மெதுவாக, நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல், 120 டிகிரி வரை சூடாக்கி, மின்புலம் எதுவும் இல்லாமல் அதே நிதானத்தில் ஆறவிட்டோம். அவசரப்பட்டால் விரிசல் விழும். மறுநாள் காலையில் லேசரைப் போட்டதும் கோடு வந்துவிட்டது. ஆகவே வாங்கும்போது சீட்டில் தெளிவாக எழுதிக் கேளுங்கள், முனைவு ஒழுங்குபடுத்தாத, வளர்த்தபடியே உள்ள கட்டி வேண்டும் என்று. சி அச்சு எந்தப் பக்கம் என்று ஓர் ஓரத்தில் குறி போட்டுத் தரவும் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பளபளக்கும் கனசதுரத்தில் பிறகு அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போய்விடும்.